ஏழு மில்லிகிராம் சிரிப்பு

எடை அளவை ஆய்வகத்தில் சிரிக்கக் கூடாது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்க வேண்டிய அவசியம் அதுவரை வந்ததில்லை.

அங்கே மூச்சு விடுவதற்கே ஒரு முறை உண்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் தராசில் எடைக்கல்லை இடுக்கியால் எடுத்து வைக்க வேண்டும். விரல் பட்டால் விரலின் பிசுக்கும் கணக்கில் ஏறிவிடும். வைத்த பிறகு தலையை அந்தப் பக்கம் திருப்பித்தான் மூச்சை விட வேண்டும். மின்விசிறி கிடையாது. செருப்பு வாசலோடு சரி. ஊரிலுள்ள கடைகளின் கற்களெல்லாம் இங்கே வந்துதான் தாங்கள் யோக்கியமா இல்லையா என்று தெரிந்துகொண்டு போகின்றன. அதனால் ஆய்வகத்துக்குத் தன்னைப் பற்றி மிக உயர்ந்த அபிப்பிராயம். நாட்டில் பொய் சொல்லாத ஒரே கட்டடம் இதுதான் என்று ஒவ்வொரு இயக்குநரும் பதவி ஏற்கும்போதும் ஓய்வு பெறும்போதும் பேசியிருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட கட்டடத்தில், ஒரு மதிய இடைவேளையில், தராசு சிரித்துவிட்டான்.

தராசு அவன் பெயரல்ல, பட்டம். நுண்தராசுப் பிரிவில் வேலை. எதையும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பான். மனைவி இறந்த பிறகு வாயைத் திறப்பதையும் விட்டுவிட்டான். முப்பது வயதுகூட ஆகாதவனிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் மற்றவர்களும் விட்டுவிட்டார்கள். ஆகவே அவன் மேசைப் பக்கம்தான் ஆய்வகத்திலேயே அமைதியான இடம். பக்கத்து மேசைக்காரர் தன் நுணுக்கமான வேலைகளை அங்கே கொண்டுவந்து செய்வார்.

அன்றும் அவர் ஒரு நகைக்கடையின் எடைக்கல்லை நிறுத்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து திடீரென்று ஒரு சிரிப்பு. திரையில் எண் குதித்தது. ஏழு மில்லிகிராம் ஏறி, பிறகு இறங்கியது. பக்கத்து மேசைக்காரர் நேர்மையானவர். எதை அளந்தாலும் குறித்து வைப்பவர். 'பிழை: ஏழு மில்லிகிராம். காரணம்: சிரிப்பு' என்று குறித்துவிட்டு எழுந்து வந்து பார்த்தார்.

தராசின் கையில் போன். போனில் இளஞ்சிவப்பாக ஒரு கடை. கடைக்குள் தொட்டி, தொட்டிக்குள் ஒரு வெள்ளைப் பூனைக்குட்டி. தலையில் சோப்பு நுரையோடு தும்மிக்கொண்டிருந்தது.

"என்னப்பா இது?"

"செஸ் சார்."

"செஸ்ல பூனை ஏது?"

தராசு யோசித்தான். "புது ஆட்டம் சார்."

செஸ் என்று அவன் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஆய்வகத்தில் மாண்புக் குழு என்று ஒன்று இருக்கிறது. ஊழியர்கள் ஓய்வு நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்பது ஆய்வகத்தின் மதிப்பைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் என்று ஒரு காலத்தில் யாருக்கோ தோன்றியது. அதிலிருந்து ஆண்டு விழாவில் ஒவ்வொருவரும் எழுந்து நின்று தன் பொழுதுபோக்கைச் சொல்ல வேண்டும். எல்லோரும் செஸ் என்பார்கள். கைதட்டல் விழும். அந்தக் கட்டடத்தில் ஒரு செஸ் பலகைகூட இல்லை என்பதை யாரும் பெரிதுபடுத்தியதில்லை. போன வருடம் ஒரு இளைஞன் துப்பாக்கி விளையாட்டு என்றான். குழு கூடி யோசித்தது. ஆட்கள் சாகிறார்கள், எனவே அதில் ஒரு கம்பீரம் இருக்கிறது என்று அனுமதித்தது. பூனைக்குத் தலை குளிப்பாட்டுவதைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை.

அவன் விளையாடியது பூனைச் சலூன். நனைந்த பூனைகள், அழுக்குப் பூனைகள், சண்டை போட்டுவிட்டு வந்த பூனைகள் வரிசையில் நிற்கும். குளிப்பாட்டி, துவட்டி, சீவி, ரிப்பன் கட்டி அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். வெற்றி தோல்வி கிடையாது. பார்த்தால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூட முகத்தைச் சுளிக்கும்.

அதை முதலில் விளையாடியவள் அவன் மனைவி. அவளுக்கு வெட்கமே இல்லை. பேருந்தில் சத்தத்தை முழுசாக வைத்து விளையாடுவாள். பக்கத்தில் உட்கார்ந்து அவன் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்ப்பான். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் "அந்தக் கறுப்புப் பூனை என்ன ஆச்சு?" என்பான். ஒரு கட்டத்தில் இருவரும் சேர்ந்தே கடை நடத்தினார்கள். அவள் குளிப்பாட்டுவாள், இவன் துவட்டுவான். கடைக்கு 'இரண்டு சோம்பேறிகள்' என்று அவள்தான் பலகை மாட்டினாள்.

கூட்டாளிகளில் ஒருவர் விளையாட வராவிட்டால் அவருடைய பொம்மை கடை மூலையில் நாற்காலியில் உட்கார்ந்து தூங்கும். மதியத்தில் மேலே ஒரு மணல் கடிகாரம் தோன்றும். மணல் தீர்வதற்குள் அந்தப் பொம்மைக்குப் போர்வை போர்த்த வேண்டும். ஒரு நாள் தவறினாலும் அது கோபித்துக்கொண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடும். உயிரோடு இருப்பவர்கள் என்றால் திரும்பி வந்து சமாதானமாகிவிடலாம்.

மருத்துவமனைக் கட்டிலில், கையில் ஊசி ஏறிக்கொண்டிருக்கும்போதே, அவள் ஒரு பூனைக்குத் தலை தேய்த்துக்கொண்டிருந்தாள். "தூக்கம் வருது. என் பொம்மைக்குப் போத்திவிடு" என்றாள். அவன் பொம்மைக்கும் போர்த்தினான், அவளுக்கும் போர்த்தினான். அவள் எழுந்திருக்கவில்லை. அவள் போனைத் திறக்கும் எண் அவளோடு போய்விட்டது. அவன் போனில் மட்டும் அவள் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தாள். மஞ்சள் கவுன், ஒரு பக்கம் சாய்ந்த தலை. அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனைத் திறப்பான். போர்த்துவான். மூடுவான். பூனைகளைத் தொடவில்லை.

அன்றைக்கு மட்டும் தொட்டான். ஏன் என்று அவனுக்குத் தெரியாது. வாசலில் நின்ற வெள்ளைக் குட்டி ரொம்ப அழுக்காக இருந்தது. தேய்த்தான். அது தும்மியது. தும்மிய வேகத்தில் பின்பக்கமாக விழுந்தது. அவன் சிரித்துவிட்டான். சிரிப்பு யாருடையதோ போல இருந்தது.

பக்கத்து மேசைக்காரரின் குறிப்பு மாண்புக் குழுவுக்குப் போய், விசாரணைக்கு வரச் சொல்லி உத்தரவு வந்தது. செய்தி எப்படியோ அவன் அக்காவுக்குப் போய்விட்டது. அக்கா பக்கத்துத் தெரு. சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்து நின்றாள்.

"என்னடா, ஆபீஸ்ல உன்னை நிக்க வெச்சுக் கேள்வி கேக்கப் போறாங்களாமே. லஞ்சமா?"

"இல்லக்கா."

"பொம்பளை விவகாரமா?"

"இல்லக்கா. பூனை."

அக்கா பாத்திரத்தைக் கீழே வைத்தாள். லஞ்சமாக இருந்திருந்தால் வெளியே தலை காட்டியிருக்கலாம் என்பது போல இருந்தது அவள் முகம்.

"உங்க மாமாகிட்ட நான் என்னன்னுடா சொல்றது? மச்சினன் ஆபீஸ்ல பூனைக்கு ரிப்பன் கட்டினான்னா?"

"அன்னைக்கு ரிப்பன் கட்டல. தலைதான் தேச்சேன்."

"வாய மூடு. நான் சொல்றதக் கேளு. போய் அழுதுடு. பொண்டாட்டி போன துக்கம், புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு சொல்லு. ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க."

"பேதலிக்கலையேக்கா."

"பேதலிச்சிருந்தாத் தேவலை" என்று அக்கா பாத்திரத்தைத் திறந்து அவனுக்குப் போட்டாள். அவன் சாப்பிடும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

அலுவல் நேரம் வீணாகக் கூடாது என்பதால் விசாரணையை மதியச் சாப்பாட்டு இடைவேளையில் வைத்தார்கள். வாசலிலேயே அவன் போனை வாங்கிக்கொண்டார்கள். குற்றம் நடந்த நிலையில் சாட்சியப் பொருள் இருக்க வேண்டும் என்பது விதி. எனவே விளையாட்டைத் திறந்து, யார் மூச்சும் படாமல் இருக்க, பெரிய தராசின் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். திரையின் மேல் மூலையில் மணல் கடிகாரம் அப்போதுதான் தோன்றியிருந்தது.

"சார், ஒரு நிமிஷம். ஒரே ஒரு பொத்தானை அழுத்திக்கறேன்."

"சாட்சியத்தைத் தொடக் கூடாது" என்றார் கணக்கு மேடம். குழுவில் இரண்டு பேர். இவர் ஒருவர், கணக்குப் பிரிவின் தலைமை. இன்னொருவர் துணை இயக்குநர், குழுவின் தலைவர். பக்கத்து மேசைக்காரர் சாட்சி.

தலைவர் எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"இந்த விளையாட்டைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் நான் விரும்பவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். முப்பதாவது கட்டத்துக்கு மேலே, நீள முடிப் பூனைக்கு எண்ணெய் தடவாமல் சீப்பைப் போடுகிறவன் இருக்கிறானே, அவன் கையில் இந்த நாட்டின் எடைக்கற்களை எப்படி நம்பிக் கொடுப்பது?"

"எண்ணெய் தடவித்தான் சார் சீவுவேன்" என்றான் தராசு.

"தடவுவீங்களா?" தலைவர் கொஞ்சம் தடுமாறினார். "அது வேற விஷயம்."

"சில பேர் வாலை விட்டுட்டு முதுகுலேருந்து ஆரம்பிக்கிறாங்களாம்" என்றார் கணக்கு மேடம். "பொதுவாச் சொல்றேன். கேள்விப்பட்டது."

பிறகு சாட்சி. சிரிப்பு எப்படிப்பட்டது என்று கேட்டார்கள். பல் தெரிந்ததா? தெரிந்தது. கண்ணும் சேர்ந்து சிரித்ததா? அதை அளக்கக் கருவி இல்லை என்று பக்கத்து மேசைக்காரர் வருத்தத்தோடு சொன்னார். அது செருப்புச் சத்தமாகவோ கதவுக் காற்றாகவோ இருந்திருக்கலாமே என்று மேடம் கேட்டார். ஆய்வகத்தில் செருப்பு கிடையாது, கதவு அடைத்திருந்தது. எனவே நிரூபிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. பக்கத்து மேசைக்காரரின் தராசைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தார்கள்.

"சிரிங்க" என்றார் தலைவர்.

தராசு திரையிலிருந்த பூஜ்ஜியத்தைப் பார்த்தான்.

"அன்னைக்கு மாதிரியே சிரிங்க தம்பி. ஒண்ணும் பண்ண மாட்டோம்."

அவன் முயன்றான். உதட்டை இழுத்தான். தொண்டையிலிருந்து ஏதோ வந்தது. எண் அசையவில்லை. இன்னொரு முறை. பூஜ்ஜியம்.

"ஒத்துழைக்க மாட்டேங்கறாரு" என்றார் மேடம்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தலைவர் சிரித்துக் காட்டினார். இரண்டு மில்லிகிராம். மேடம் சிரித்தார். ஒன்றுகூட வரவில்லை. பக்கத்து மேசைக்காரர், இயக்குநர் நகைச்சுவை சொல்லும்போது தான் வழக்கமாகச் சிரிக்கும் சிரிப்பைச் சிரித்தார். அது பெரிதாகத்தான் கேட்டது, ஆனால் ஒன்றரையைத் தாண்டவில்லை. மூவரும் மாறி மாறிச் சிரித்துப் பார்த்தார்கள். மூன்றுக்கு மேல் யாராலும் ஏற்ற முடியவில்லை.

"அப்போ ஏழுங்கறது..." என்றார் மேடம் மெல்ல.

"நிஜமான சந்தோஷம்" என்றார் தலைவர். அவர் குரலில் கண்டிப்பு இருந்தது. கொஞ்சம் பொறாமையும் இருந்திருக்கலாம். "அலுவலகக் கட்டடத்துக்குள்ள. சாப்பாட்டு நேரத்துல."

விளையாட்டின் கனத்தையும் பார்த்துவிடலாம் என்று மேடம் சொன்னார். போனை விளையாட்டு திறந்தபடி நிறுத்தார்கள். ஒரு கணம் மூடி நிறுத்தார்கள். மறுபடி திறந்தார்கள். எடையில் வித்தியாசம் இல்லை. "எடை இல்லாததால தப்பு இல்லைன்னு ஆயிடாது" என்றார் மேடம்.

தராசின் காதில் எதுவும் விழவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் அவள் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். மணல் பாதிக்குக் கீழே வந்திருந்தது.

தலைவரும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். திடீரென்று வேகமாகப் பேச ஆரம்பித்தார்.

"குழுவுக்கு மனிதாபிமானம் இருக்கு. விதியில துக்க விலக்குன்னு ஒண்ணு இருக்கு. வீட்டுல சாவு நடந்தவங்க செய்யறதை நாங்க கணக்குல எடுத்துக்கறதில்ல. உங்க மனைவி தவறிப்போய் இன்னும் வருஷம் திரும்பல. அந்தத் துக்கத்துல நீங்க இதைத் திறந்தீங்க. அந்தச் சிரிப்பு சந்தோஷமில்ல, துக்கத்தோட ஒரு கோளாறு. எனக்கு அதுல சந்தோஷமே இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பவே போனைக் கையில கொடுத்துடறேன்."

"அழுதாகூட விதிக்கு உட்பட்டதுதான்" என்றார் மேடம். அவரும் இப்போது கண்ணாடிப் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்னப் பொய். அதைக்கூட முழுப் பொய் என்று சொல்ல முடியாது. இத்தனை மாதத்தில் சந்தோஷம் என்று எதுவும் இருக்கவில்லை என்பது யாருக்கும் தெரிந்ததுதான். தராசு வாயைத் திறந்தான்.

அப்போது பேருந்து நினைவுக்கு வந்தது. சத்தத்தை முழுசாக வைத்துக்கொண்டு, முன்சீட்டுக்காரர் திரும்பி முறைத்தாலும் கவலைப்படாமல், "பாரேன், இது தும்முது பாரேன்" என்று அவனை இடித்த முழங்கை. அதை ஒரு கோளாறு என்று சொல்ல வேண்டும். அவர்கள் இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்ததையெல்லாம் நோயில் சேர்த்துவிட வேண்டும். அப்படிச் சொன்னால் நாற்காலியில் அவள் இருப்பாள்.

"சீக்கிரம் சொல்லுங்க தம்பி. மணல் தீரப் போகுது" என்றார் தலைவர்.

அறையில் யாரும் அந்த வார்த்தையைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"சந்தோஷமாத்தான் சார் இருந்தது" என்றான் தராசு. "எங்க ரெண்டு பேருக்கும் அது ரொம்பப் பிடிக்கும்."

தலைவர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு எல்லாம் விதிப்படி நடந்தது. குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டது. அந்த ஏழு மில்லிகிராமை ஆய்வகத்தின் ஆண்டுப் பிழையில் சேர்க்க வேண்டும். அடுத்த ஆண்டு விழாவில் அவன் எழுந்து நின்று செஸ் என்று மூன்று முறை சொல்ல வேண்டும். போன் சாயங்காலம் வரை உறையில் இருக்க வேண்டும். மேடம் போனை எடுத்து, திரையைப் பார்க்காமல், உறைக்குள் போட்டு அரக்கு வைத்தார். அரக்கு சரியாக ஒட்டவில்லை.

தராசு தன் மேசைக்குப் போய் மீதி இருந்த கற்களை நிறுத்தான். எல்லாம் சரியாக இருந்தன.

சாயங்காலம் படியிறங்கும்போது, இரண்டாம் மாடித் திருப்பத்தில் தலைவர் நின்றுகொண்டிருந்தார். கையில் உறை. பியூன் செய்ய வேண்டிய வேலை அது. தலைவரே அரக்கை உடைத்துப் போனை எடுத்துக் கொடுத்தார். போகாமல் நின்றார்.

தராசு திறந்தான். இளஞ்சிவப்புக் கடை. வாசலில் பூனைகள். மூலையில் நாற்காலி காலி. அதற்கு மேலே ஒரு பூனை ஆடிக்கொண்டே சொன்னது: 'உங்கள் கூட்டாளி போய்விட்டார்! கவலை வேண்டாம், நாளை புதியவர் வருவார்!'

தலைவர் எட்டிப் பார்த்தார்.

"போயிட்டாங்களா?"

தராசு தலையசைத்தான்.

சாவு வீட்டுக்கு எத்தனையோ பேர் வந்தார்கள். விதி என்றார்கள், மனசைத் தேற்றிக்கொள் என்றார்கள், வயசு இருக்கிறது என்றுகூடச் சொன்னார்கள். என்ன போனது என்று தெரிந்து கேட்டவர்கள் யாரும் இல்லை. இந்த மனிதர் தெரிந்து கேட்டார்.

"அதுக்குள்ள முடிச்சிடலாம்னுதான் பார்த்தேன் தம்பி. நீங்க ஒரு பொய் சொல்லியிருக்கலாம்."

"இந்தக் கட்டடத்துலயா சார்?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"காலையில புதுசா ஒருத்தியை உக்கார வெச்சிடும். ரெட்டை ஜடை. சதா தொணதொணன்னு பேசுவா. வேண்டாம். காலி நாற்காலிக்குத்தான் ஆள் அனுப்பும். அது மேல எதையாவது வெச்சிடுங்க."

"எதை சார்?"

"நான் வாளி வெச்சிருக்கேன்."

சொல்லிவிட்டு அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க நாற்காலியில யார் சார் இருந்தாங்க?"

"என் பொண்ணு. நல்லாத்தான் இருக்கா. கல்யாணமாகி வேற ஊரு. ஒரு நாள் போன்ல, இன்னுமாப்பா அதை விளையாடறீங்க, மாப்பிள்ளைகிட்ட சொல்லிடாதீங்கன்னு சிரிச்சா. அன்னைக்கு மதியம் போர்வை போத்த மறந்துட்டேன்." கொஞ்சம் நிறுத்தினார். "மறக்கல. கோபம்."

தராசு போனில், தொட்டியருகே இருந்த வாளியைத் தூக்கி நாற்காலியில் வைத்தான். மேலே படிகளில் காலடிச் சத்தம் கேட்டது. தலைவர் உடனே நிமிர்ந்தார்.

"அதாவது, குதிரையை ஓரத்துல வைக்கவே கூடாது. நடுவுல வெச்சாத்தான் எட்டுப் பக்கமும் பாயும்."

"சரிங்க சார்."

கணக்கு மேடம் தோளில் பையோடு இறங்கி வந்தார். இருவரையும் பார்த்தார். போனைப் பார்த்தார். கடந்து இறங்கினார். திருப்பத்துக்கு முன்னால் நின்றார். திரும்பவில்லை.

"வாளியைக் கவுத்து வைங்க. நிமிர்த்தி வெச்சா ஏதாவது குட்டி உள்ள ஏறிப் படுத்துக்கும். அப்புறம் எழுப்ப மனசு வராது."

அவர் போய்விட்டார். தராசு வாளியைக் கவிழ்த்து வைத்தான். மஞ்சள் கவுன் இருந்த இடத்தில் தகரத்தின் அடிப்பாகம் தெரிந்தது. அதைப் பார்த்தபடியே அவன் படியில் உட்கார்ந்தான். மருத்துவமனையில் வராதது, சாவு வீட்டில் வராதது, மதியம் தராசுக்கு முன்னால் கேட்டும் வராதது, எல்லாம் இப்போது வந்தது. தோள் குலுங்கியது. சத்தமும் வந்தது.

மேலே பிரிவு பிரிவாகக் கதவுகள் திறந்தன. வேலை முடிந்து ஆட்கள் இறங்க ஆரம்பித்தார்கள். தலைவர் இரண்டு படி ஏறி, அவனையும் போனையும் யாரும் பார்க்காதபடி குறுக்கே முதுகைக் காட்டி நின்றுகொண்டார். அவன் அழுது முடிக்கும்வரை, இறங்கி வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, குதிரையைப் பற்றி உரக்கப் பேசிக்கொண்டே இருந்தார்.